அயர்லாந்துக் கல்யாணத்துக்கு கில்ட் கட்டிப் போகலாமா?

கேள்வி: வணக்கம். எனக்குச் சொந்த ஊர் திருச்சி. 9 வருடமாக மனைவி, மகனோடு கிளாஸ்கோவில் இருக்கிறேன். மருத்துவமனையில் எக்ஸ்ரே பிரிவில் வேலை. கூட வேலை பார்க்கும் நண்பருக்கு வரும் செப்டம்பரில் கல்யாணம். அவர் அயர்லாந்தின் டோனிகல் பக்கத்துக்காரர். மதியம் 1.30 மணிக்கு அவர் ஊர்க் கத்தோலிக்க ஆலயத்தில் திருமணம், பிறகு ஹோட்டலில் விருந்து. அழைப்பிதழில் உடை பற்றி ஒன்றும் போடவில்லை. இங்கே நண்பர்கள் கல்யாணங்களுக்கு ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் கட்டும் மடிப்புப் பாவாடையான கில்ட்டை வாடகைக்கு எடுத்துக் கட்டிப் போயிருக்கிறேன், ரொம்பப் பிடித்துவிட்டது. அயர்லாந்துக்காரர்களுக்கும் கில்ட்தானே பாரம்பரிய உடை, அவர்கள் உடையிலேயே போய் நின்றால் சந்தோஷப்படுவார்கள் என்று நினைத்து, அயர்லாந்துக்குரிய காவி நிற கில்ட் அல்லது டோனிகல் டார்ட்டன் (கட்டம்போட்ட கம்பளித் துணி) கில்ட் வாங்கலாம் என்றிருக்கிறேன். என் மனைவியோ, “கேலிக்கூத்தாகிவிடும். பேசாமல் கோட் சூட் போடுங்கள், இல்லையென்றால் நம் பட்டு வேட்டியைக் கட்டுங்கள்” என்கிறாள். இன்னொன்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது: கில்ட்டுக்கு உள்ளே ஏதாவது போட வேண்டுமா, கூடாதா? 7 வயது மகனும் தனக்கு ஒரு கில்ட் வேண்டும் என்கிறான். என்ன செய்யலாம்?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கிளாஸ்கோ

பதில்: வணக்கம். முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். மாப்பிள்ளை சம்மதித்தால் கில்ட் கட்டிக்கொண்டு தாராளமாகப் போங்கள். ஆனால் காவி கில்ட்டும் வேண்டாம், டோனிகல் டார்ட்டனும் வேண்டாம். “உங்கள் உடையில் வந்திருக்கிறேன்” என்று போய் நிற்காதீர்கள். கிளாஸ்கோவில் குடியிருக்கும் ஒருவர், அங்கே கல்யாணத்துக்கு எதைக் கட்டுவாரோ அதைக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார் என்று இருக்கட்டும். உங்கள் மனைவி பயப்படுகிற கேலி முதல் வகையில்தான் வரும், இரண்டாவதில் வராது.

விழா உடைக்கு அளவெடுப்பதும் கட்டிப் பார்ப்பதுமாக இருக்கிற என்னிடம், அயர்லாந்துக் கல்யாணத்துக்குப் போகிற பலர் உங்கள் எண்ணத்தோடுதான் வருகிறார்கள். அயர்லாந்தும் ஸ்காட்லாந்தும் பங்காளி தேசங்கள், பேச்சும் இசையும் உறவு, ஆகவே உடையும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். உடை ஒன்றல்ல. அயர்லாந்தில் பழைய காலத்து உடை லேனா என்கிற நீண்ட லினன் அங்கி. அதன்மேல் பிராட் என்ற கம்பளிப் போர்வை. வசதியுள்ளவர்கள் லேனாவுக்கு மஞ்சள் சாயம் ஏற்றிக் கட்டுவார்கள். இங்கிலாந்து மன்னர் 8ஆம் ஹென்றி ஆட்சியில், 1537இல், ஐரிஷ்காரர்களை ஆங்கிலேயர் மாதிரி உடுத்தவும் பேசவும் வைப்பதற்கென்றே ஒரு சட்டம் வந்தது. குங்குமப்பூச் சாயம் ஏற்றிய சட்டைகளை அது பெயர் சொல்லித் தடை செய்தது. அந்த மஞ்சள் நிறத்தின்மேல் பிற்பாடு வந்தவர்களுக்கு இருந்த பற்றுக்கு இதுதான் வேர்.

கில்ட் அங்கே வந்தது வெகு பின்னால். கேலிக் லீக் 1893இல் தொடங்கி, ஐரிஷ் மொழியையும் கலைகளையும் மீட்கும் வேகம் கிளம்பியபோது, உடையிலும் நமக்கென்று ஒன்று வேண்டும் என்ற தேடல் வந்தது. கோட்டும் கால்சட்டையும் ஆங்கிலேயருடையதாகத் தெரிந்தன. பக்கத்தில் ஸ்காட்லாந்து கில்ட் இருந்தது. அதை எடுத்து, கட்டம்போட்ட டார்ட்டனை விட்டுவிட்டு, பழைய லேனாவின் மஞ்சளை அதில் ஏற்றிக்கொண்டார்கள். இது சரித்திரப்படி அவ்வளவு பொருந்தாது என்பது அன்றைக்கே தெரிந்திருந்தது. பின்னாளில் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 ஈஸ்டர் எழுச்சிக்குத் தலைமை தாங்கிய பாட்ரிக் பியர்ஸ் 1900இல் எழுதிய ஒரு கடிதத்தில், அருங்காட்சியகத்தில் இருந்த பழைய ஐரிஷ் இறுக்கக் கால்சட்டையைப் பார்த்துவிட்டு வந்து, அசல் தன்மை குறைவாக இருந்தாலும் கில்ட்டே தேவலை என்கிறார். அந்தக் கால்சட்டையைப் போட்டால், மேலே போட மறந்து உள்ளாடையோடு வெளியே வந்தவர்போல ஆகிவிடும் என்பது அவர் கவலை.

ஸ்காட்லாந்து கில்ட்டும் ஆதிகாலம் தொட்டு இன்றைய வடிவிலேயே இருந்ததில்லை. உடம்பெல்லாம் சுற்றிய பெரிய போர்வையிலிருந்து இடுப்புக்குக் கீழே மட்டும் நிற்கிற இந்தச் சின்ன கில்ட் பிரிந்து வந்தது 18ஆம் நூற்றாண்டில். 1746இல் அதைத் தடை செய்தார்கள், 1782இல் தடையை நீக்கினார்கள், 1822இல் 4ஆம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது தேசத்துக்கே அடையாளமாக ஆக்கினார்கள். அதற்குப் பிறகு இரண்டு நூற்றாண்டுகளாகத் தாத்தா, அப்பா, மகன் என்று கல்யாணத்துக்கும் சாவுக்கும் கட்டிக் கட்டி அது அவர்களுடையதாகவே ஆகிவிட்டது. அயர்லாந்தில் இந்தக் கட்டிப் பழகுதல் பொதுமக்களிடம் நடக்கவில்லை. பைப் (காற்றுப்பை வைத்த குழல்) இசைக் குழுக்களிடமும், நடனப் போட்டிக்குப் போகும் சிறுவர்களிடமும்தான் கில்ட் தங்கியது. இன்றைக்கு நடனச் சிறுவர்களும் பெரும்பாலும் கால்சட்டைக்கு மாறிவிட்டார்கள். சராசரி ஐரிஷ் ஆணுக்கு கில்ட் என்றால் ஸ்காட்லாந்துக்காரர் ஞாபகம்தான் வரும். வயதானவராக இருந்தால், சின்ன வயதில் அம்மா வற்புறுத்தி நடனப் போட்டிக்குக் கட்டிவிட்டதும் ஞாபகம் வரலாம். தன் கல்யாணத்துக்கே அவர் கட்டாத ஒன்றை, “உங்கள் பாரம்பரியம்” என்று நீங்கள் கட்டிக்கொண்டு போய் நின்றால், அவர் முகத்தில் சந்தோஷத்துக்கு முன்னால் குழப்பம்தான் தெரியும்.

நீங்கள் காவி என்று எழுதியிருக்கிறீர்கள். கடையில் போய்ப் பார்த்தால் கடுகு மஞ்சளும் பழுப்பும் கலந்த நிறமாக இருக்கும். பிரிட்டிஷ் ராணுவத்தின் ஐரிஷ் படைப்பிரிவுகளிலும் அயர்லாந்துக் குடியரசின் ராணுவத்திலும் பைப் வாசிப்பவர்களின் சீருடை அது. கல்யாண வீட்டில் ஒருவர் மட்டும் அதில் வந்தால், வாசிக்க வந்த கலைஞர் என்று நினைத்து “எத்தனை மணிக்கு ஆரம்பம்?” என்று கேட்பார்கள்.

டோனிகல் டார்ட்டன் கதை வேறு. அயர்லாந்து மாவட்டங்களுக்குத் தனித்தனி டார்ட்டன் என்று இன்று விற்கப்படுபவற்றில் நன்றாகத் தெரிந்த வரிசை, ஸ்காட்லாந்தின் பெர்த் நகரைச் சேர்ந்த ஹவுஸ் ஆஃப் எட்கர் நெசவு நிறுவனம் 1996இல் கொண்டுவந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் இருக்கிற ஐரிஷ் வம்சாவளியினர் அதை ஆசையாக வாங்குகிறார்கள். தாத்தா பிறந்த மண்ணின் பெயரை உடம்பில் போட்டுக்கொள்ள அவர்களுக்கு ஒரு வழி வேண்டும், அதை நான் மதிக்கிறேன். ஆனால் டோனிகலிலேயே பிறந்து வளர்ந்த பலருக்கு அப்படி ஒரு டார்ட்டன் இருப்பதே தெரியாது. பழைய சான்று உள்ள ஐரிஷ் டார்ட்டன் என்று ஒன்று உண்டு. 1956இல் வட அயர்லாந்தின் டன்கிவன் ஊருக்கருகே மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த துணிகள், 16ஆம் நூற்றாண்டின் கடைசி அல்லது 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்தவை, பெல்ஃபாஸ்ட்டில் அல்ஸ்டர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவற்றிலும் டார்ட்டனாக இருந்தது கால்சட்டைதான், கில்ட் அல்ல.

அதனால் நீங்கள் எடுக்க வேண்டியது கிளாஸ்கோ வட்டார டார்ட்டன். குலப் பெயர் டார்ட்டன்கள் மாதிரி வட்டார டார்ட்டன்களும் இருக்கின்றன. அந்த ஊரில் வாழ்கிறவர் யாரும் கட்டலாம், எந்த வம்சமும் கேட்க மாட்டார்கள். 9 வருடம் அந்த ஊரில் நோயாளிகளுக்குப் பணி செய்கிற உங்களுக்கு அதைக் கட்ட எல்லா உரிமையும் இருக்கிறது. இன்னொரு நல்ல வழி, கட்டமே இல்லாத அல்லது கட்டம் மங்கித் தெரிகிற சாம்பல், நீல ட்வீட் என்ற தடித்த கம்பளித் துணி கில்ட். வாடகைக் கடைகளில் இப்போது இது நிறையவே கிடைக்கிறது.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்தமாகச் சொல்ல வேண்டும், கடைக்காரர் சொல்ல மாட்டார். எல்லோரும் கட்டலாம் என்று கடையில் முதலில் எடுத்துக் காட்டுவது ராயல் ஸ்டூவர்ட்டையும் பிளாக் வாட்ச்சையும்தான். முதலாவது பிரிட்டிஷ் அரச குடும்பத்தோடு ஒட்டிய சிவப்புக் கட்டம். இரண்டாவது ஒரு பிரிட்டிஷ் படைப்பிரிவின் துணி, அந்தப் படைப்பிரிவு வட அயர்லாந்துக் கலவர ஆண்டுகளில் அங்கே பணியில் இருந்தது. ஸ்காட்லாந்தில் இரண்டும் வெறும் துணி. டோனிகல் அயர்லாந்துக் குடியரசில் இருந்தாலும், தரைவழியில் அதன் எல்லை பெரும்பாலும் பிரிட்டிஷ் ஆட்சியில் உள்ள வட அயர்லாந்தோடுதான். அங்கே ஒரு பெரியவர் அதைப் பார்த்து ஒன்றும் சொல்ல மாட்டார், ஆனால் பார்ப்பார். ஒரு நல்ல நாளில் அந்தப் பார்வைக்கு நீங்கள் காரணமாக வேண்டாம். இதே பிரிவினையைக் காட்டுகிற கால்பந்து கிளப் நிறங்களைப் பற்றி கிளாஸ்கோக்காரரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, டை வாங்கும்போதும் அதை நினைவில் வையுங்கள்.

உங்களுக்குச் சாதகமான ஒன்றும் இருக்கிறது. அயர்லாந்தில் கில்ட் கட்டிய விருந்தாளி அந்நியமாகத் தெரியாத மாவட்டம் ஏதாவது உண்டு என்றால் அது டோனிகல்தான். தலைமுறை தலைமுறையாக அந்த ஊர்க்காரர்கள் ஸ்காட்லாந்துக்கு உருளைக்கிழங்கு பறிக்கவும், சுரங்கம் தோண்டவும், கட்டட வேலைக்கும் வந்திருக்கிறார்கள். கிளாஸ்கோவில் அத்தை, மாமா, சித்தப்பா இல்லாத வீடு அங்கே குறைவு. உங்கள் நண்பரின் சொந்தக்காரர்களிலேயே கிளாஸ்கோவிலிருந்து கில்ட்டோடு வருகிறவர்கள் இருக்கக்கூடும். தெற்கே கார்க்கிலோ கெர்ரியிலோ கல்யாணம் என்றால் நான் இன்னும் தயங்கியிருப்பேன்.

அடுத்தது, கேட்பது. எதையும் வாங்குவதற்கு முன், வாடகைக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன், மாப்பிள்ளையிடம் நேரில் கேளுங்கள். அதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, அவரும் மாப்பிள்ளைத் தோழர்களுமே கில்ட் கட்ட முடிவு செய்திருக்கலாம். அப்படியானால் நீங்கள் கட்டக் கூடாது, ஏனென்றால் போட்டோக்களில் தோழர்களில் ஒருவராகவே தெரிவீர்கள். இரண்டு, அவர்கள் எல்லோரும் சாதாரண நீல சூட்டில் இருந்தால், கூட்டத்தில் கண்ணைப் பறிக்கிறவர் நீங்களாக இருப்பதில் பெண் வீட்டாருக்கு விருப்பம் இருக்க வேண்டும். பெண்ணிடமும் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள். கேட்கிற விதம் முக்கியம். அந்த ஊர்க்காரர்கள் முகத்துக்கு நேரே “வேண்டாம்” என்று சொல்லத் தயங்குவார்கள், நம்மைப் போலத்தான். “கில்ட் கட்டட்டுமா?” என்று மட்டும் கேட்டால் “உன் இஷ்டம்” என்று வரும், அதிலிருந்து ஒன்றும் தெரியாது. “சூட்டும் தயாராக இருக்கிறது, கில்ட்டும் இருக்கிறது, உங்கள் கல்யாணத்துக்கு எது பொருத்தம் என்று நீங்களே சொல்லுங்கள்” என்று கேளுங்கள். மறுப்பதை அவருக்குச் சுலபமாக்கிக் கொடுத்தால்தான் அவர் சொல்கிற சம்மதத்துக்கு மதிப்பு. “அட, கண்டிப்பாகக் கட்டிக்கொண்டு வா” என்று உடனே சொன்னால் கட்டுங்கள். இழுத்தால் சூட்.

சம்மதம் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். மேல்கோட்டில்தான் பெரும்பாலானவர்கள் தவறுகிறார்கள். கிளாஸ்கோ வாடகைக் கடையில் கேட்காமலேயே கொடுப்பது பிரின்ஸ் சார்லி கோட்டு, கூடவே போ டை, வெள்ளிப் பொத்தான்கள், ஸ்போரன் என்கிற, முன்னால் தொங்கும் ரோமம் வைத்த பை. அது இரவு விருந்து உடை, அதாவது கறுப்பு டின்னர் ஜாக்கெட்டுக்குச் சமம். ஸ்காட்லாந்துக் கல்யாணங்களில் பகலிலேயே அதைப் போட்டு எல்லோருக்கும் பழகிவிட்டது. டோனிகலில் மதியம் ஒன்றரை மணிக்கு, மாப்பிள்ளை சாம்பல் நிற சூட்டில் நிற்கும்போது, நீங்கள் வெள்ளி மின்ன அதில் போய் நின்றால் யார் மாப்பிள்ளை என்ற கேள்வி வரும். உங்களுக்கு வேண்டியது ஆர்கைல் கோட்டு, முடிந்தால் ட்வீட் துணியில், கொம்புப் பொத்தான்களோடு. சாதாரண சட்டை, சாதாரண நீள டை. ஸ்போரன் வெறும் தோலில், அலங்காரம் குறைவாக. வெள்ளைக் காலுறையை ஒதுக்கிவிட்டு சாம்பலோ கரும்பச்சையோ அடர் நீலமோ எடுங்கள். கணுக்கால் வரை கயிறு சுற்றுகிற கில்லி ப்ரோக் ஷூ அவசியமில்லை, நன்றாகப் பாலிஷ் போட்ட சாதாரண ப்ரோக் ஷூ போதும். பிரையன் போரு கோட்டு என்று அயர்லாந்தின் சின்னமான ஷாம்ராக் இலைப் பொத்தான் வைத்து “ஐரிஷ் ஸ்டைல்” ஒன்று காட்டுவார்கள். நன்றாகத் தைத்த கோட்டுதான், ஆனால் நான் மேலே சொன்ன காரணத்தாலேயே உங்களுக்கு வேண்டாம்.

கட்டும் முறையில் ஒரே ஒரு தவறு மற்ற எல்லாவற்றையும் கெடுக்கும்: ஜீன்ஸ் மாதிரி இடுப்பெலும்பில் கட்டுவது. கில்ட் தொப்புள் மட்டத்தில் நிற்க வேண்டும். கீழ்விளிம்பு முழங்கால் சில்லின் நடுவில் முடிய வேண்டும். மண்டியிட்டுப் பாருங்கள், விளிம்பு தரையைத் தொடாமல் ஓர் அங்குலம் மேலே நின்றால் சரி. மடிப்புகள் பின்னால், தட்டையான பகுதி முன்னால், திறக்கும் ஓரம் உங்கள் வலது பக்கம். அந்த ஓரத்தில் குத்துகிற பின்னை மேல்துணியில் மட்டும் குத்துங்கள். உள்துணியோடு சேர்த்துக் குத்தினால் நடக்கும்போது இழுத்துக் கிழியும். வெயிஸ்ட் கோட் போட்டால் பெல்ட் வேண்டாம். துணி கனமாக இருக்கட்டும். 8 கஜத்தில், 16 அவுன்ஸ் கம்பளியில் செய்தது தன் பாரத்தாலேயே கீழே நிற்கும். மலிவு வாடகைக் கடைகளின் பாலியஸ்டர் கலந்த துணி அட்லாண்டிக் காற்றில் நிற்காது. டோனிகல் கடற்கரையில் செப்டம்பர் காற்று எப்படி இருக்கும் என்பது உங்கள் நண்பருக்குத் தெரியும், அவரையே கேளுங்கள்.

காலுறையில் செருகும் ஸ்கியன் டூ கத்தியைக் கிளாஸ்கோவிலேயே விட்டுவிடுங்கள். ஸ்காட்லாந்துச் சட்டத்தில், தேசிய உடையின் பகுதியாகக் கத்தி வைத்திருப்பது ஏற்கத்தக்க காரணம் என்று எழுதியே இருக்கிறது. அயர்லாந்தில் 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி பொது இடத்தில் கத்தி வைத்திருந்தால், தகுந்த காரணம் இருந்தது என்று காட்ட வேண்டியவர் நீங்கள்தான். விமானத்திலும் படகிலும் வேறு கெடுபிடி. வாடகை செட்டில் பிளாஸ்டிக் கத்தி வந்தாலும் எடுத்து வைத்துவிடுங்கள். அது இல்லை என்று யாரும் குறைசொல்லப் போவதில்லை.

ஆலயத்துக்குள் தொப்பி கூடாது, ஆகவே தொப்பியே எடுத்துப் போக வேண்டாம். கத்தோலிக்கத் திருப்பலியோடு சேர்ந்த திருமணம் என்றால் ஒரு மணி நேரம் போல ஆகும், இடையில் மண்டியிடுவார்கள். நீங்கள் மண்டியிட வேண்டிய கட்டாயமில்லை, உட்கார்ந்தபடி தலை குனிந்திருக்கலாம். மண்டியிட்டால், எழும்போது பின்மடிப்பு பெஞ்சில் சிக்காமல் ஒரு கையால் தட்டிவிட்டுக்கொள்ளுங்கள். நற்கருணை வாங்க வரிசை போகும்போது இடத்திலேயே இருங்கள். உட்காரும்போதெல்லாம் இரண்டு கையாலும் பின்மடிப்பைக் கீழ்நோக்கித் தடவிக்கொண்டு உட்காருங்கள், முழங்கால்கள் சேர்ந்திருக்கட்டும், ஸ்போரன் மடியில் நடுவாக விழட்டும். நம் பெண்கள் சேலையை ஒழுங்குசெய்துகொண்டு உட்காருவதைப் பார்த்தே வளர்ந்திருக்கிறோம், இரண்டு தடவை செய்தால் கை தானாகப் பழகிவிடும்.

இப்போது நீங்கள் கூச்சப்பட்டுக் கேட்டது. கூச்சப்பட ஒன்றுமில்லை, எல்லோரும் கேட்பதுதான். போடுங்கள், கண்டிப்பாகப் போடுங்கள், கறுப்பு அல்லது அடர் நிறத்தில், தொடைவரை வருவதாக. உள்ளே ஒன்றும் போடாததுதான் ஆண்மை என்ற பேச்சு படைப்பிரிவுகளிலிருந்து வந்தது. வாடகைத் துணி நாளைக்கு இன்னொருவர் உடம்புக்குப் போகிறது என்பது ஒரு காரணம். மாலை நிகழ்ச்சி அதைவிடப் பெரிய காரணம். சாப்பாடு, பேச்சுகள், மணமக்களின் முதல் நடனம் எல்லாம் முடிந்த பிறகு ஐரிஷ் கல்யாணத்தில் உண்மையான ஆட்டம் ஆரம்பிக்கும். சீஜ் ஆஃப் என்னிஸ் மாதிரியான வரிசை நடனங்களில் கையைப் பிடித்துச் சுழற்றுவார்கள், கில்ட் குடைபோல விரியும். ஆடுவதற்கு முன் ஸ்போரனை இடுப்புப் பக்கமாகத் தள்ளிவிடுங்கள், முன்னால் கிடந்தால் அடிக்கும். பிறகு ஒரு குறிப்பிட்ட பாட்டு வரும்போது, பாட்டி முதல் பேரன் வரை ஒருவர் பின்னால் ஒருவராகக் கால் நீட்டித் தரையில் உட்கார்ந்து, படகு வலிப்பது போல முன்னும் பின்னும் ஆடுவார்கள். ஐரிஷ் கல்யாணங்களில் பரவலாக நடக்கிற வழக்கம் இது. விருந்தாளி என்று விடமாட்டார்கள், உங்களையும் இழுத்து உட்கார வைப்பார்கள். கில்ட்டில் அதைச் செய்ய முடியும், துணியை நடுவில் நன்றாகச் செருகிக்கொண்டால். இருந்தாலும் என் யோசனை, ஒரு கறுப்புக் கால்சட்டையை ஹோட்டல் அறையில் வைத்திருங்கள். இரவு 10 மணிக்கு மேல் மாற்றிக்கொண்டு வந்து ஆடினால் யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். விருந்து விடிய விடியப் போகும், மறுநாளும் பல வீடுகளில் ஒரு கூட்டம் உண்டு. அதற்கு கில்ட் வேண்டாம், சாதாரண சட்டை, ஸ்வெட்டர் போதும்.

உங்கள் மனைவி சொன்னதில் ஒரு பாதி உண்மை. கிண்டல் செய்வார்கள். கில்ட்டைப் பற்றி, காலைப் பற்றி, உள்ளே என்ன என்பதைப் பற்றி, ஒருவர் விடாமல் கேட்பார்கள். ஆனால் அந்த ஊரில் கிண்டல் செய்வது உங்களைத் தங்களில் ஒருவராகச் சேர்த்துக்கொள்கிற வழி. ஒதுக்கி வைக்க நினைக்கிறவரிடம் அவர்கள் மரியாதையாகத்தான் பேசுவார்கள். சிரித்துக்கொண்டே ஒரு பதில் சொல்லுங்கள்: “நான் கிளாஸ்கோக்காரன், எங்கள் ஊரில் கல்யாணத்துக்கு இதுதான்.” அந்த ஒரு வாக்கியத்துக்குள் எல்லாம் இருக்கிறது. அதைச் சொல்ல முடிகிற உடையில் போக வேண்டும் என்பதற்காகத்தான் காவியும் டோனிகல் டார்ட்டனும் வேண்டாம் என்றேன். உங்கள் தோல் நிறத்தைப் பார்த்து, “உண்மையில் எந்த ஊர்?” என்று ஒருவர் அடுத்துக் கேட்கலாம். திருச்சி என்று சொல்லுங்கள். பேச்சு அங்கிருந்து எங்கேயோ போகும், ஒரு மணி நேரம் அவர் உங்களை விட மாட்டார்.

பட்டு வேட்டியும் நல்ல யோசனைதான், தள்ளிவிடாதீர்கள். அதையும் மாப்பிள்ளையிடம் சொல்லுங்கள். சில வீடுகளில் கில்ட்டைவிட அதையே அதிகம் விரும்புவார்கள், ஏனென்றால் அது முழுக்க உங்களுடையது, அவர்கள் பார்த்திராதது. ஆனால் நாள் முழுக்க, ஈரப் புல்லிலும் நடன மேடையிலும், இடுப்பைத் தொட்டுத் தொட்டுப் பார்க்காமல் உங்களால் வேட்டியில் இருக்க முடிகிறதா என்று பாருங்கள். கிளாஸ்கோவில் உங்கள் இடுப்பு கில்ட்டுக்குப் பழகியிருக்கிறது. கடிதத்தைப் படித்த அளவில், உங்களுக்கு அதில்தான் நிம்மதி என்று எனக்குப் படுகிறது. மனைவிக்குப் பட்டுச் சேலை அருமையாக இருக்கும், வெள்ளை, சந்தன, தந்த நிறங்களை மட்டும் தவிர்க்கச் சொல்லுங்கள், அங்கே அவை மணப்பெண்ணுக்கு உரியவை. தோழிகள் என்ன நிறம் போடுகிறார்கள் என்று மணப்பெண்ணிடம் கேட்டுவிட்டு அதையும் ஒதுக்கிவிடலாம். ஒருவேளை மாப்பிள்ளை கில்ட்டுக்குத் தயங்கினால், அடர் நீல சூட்டும் டோனிகல் ட்வீட்டில் ஒரு டையோ வெயிஸ்ட் கோட்டோ எடுங்கள். அந்த மாவட்டத்து நெசவு உலகப் பெயர் பெற்றது, மகீ நிறுவனம் 1866 முதல் டோனிகல் டவுனில் இருக்கிறது. அவர்கள் ஊரைச் சிறப்பிக்க வேண்டும் என்ற உங்கள் ஆசைக்கு, எந்த டார்ட்டனைவிடவும் அந்தத் துணி பொருத்தமானது. அதை அவர்கள் பார்த்தவுடனே கண்டுகொள்வார்கள்.

ஸ்காட்லாந்தின் கெய்ர்ன்ரையன் துறைமுகத்திலிருந்து படகில் போவதாக இருந்தால் கில்ட்டைப் பெட்டியில் மடித்துத் திணிக்காதீர்கள். மடிப்புகளைச் சேர்த்து நீளவாக்கில் இறுக்கமாகச் சுருட்டி, மனைவியின் பழைய நைலான் காலுறையின் ஒரு காலுக்குள் நுழைத்துவிடுங்கள். டெர்ரி வழியாகப் போய்ச் சேர்ந்து அவிழ்த்துத் தொங்கவிட்டால் இஸ்திரி போட்டதுபோல இருக்கும். பைப் குழுக்காரர்கள் காலங்காலமாகச் செய்கிற முறை இது.

மகன் விஷயம். கில்ட் எடுத்துக் கொடுப்பதற்கு முன் அழைப்பிதழ் உறையை எடுத்து, யார் யார் பெயர் எழுதியிருக்கிறது என்று பாருங்கள். நம் ஊர் மாதிரி “குடும்பத்துடன்” என்பது அங்கே தானாக வந்துவிடாது. பெரியவர்களுக்கு மட்டும் என்று நடத்துகிற கல்யாணங்கள் நிறைய, ஹோட்டலில் தலைக்கு இவ்வளவு என்று இடம் எண்ணிப் போடுகிறார்கள். அவன் பெயரும் இருந்தால், உங்கள் டார்ட்டனிலேயே பையன்கள் அளவு கில்ட் வாடகைக்குக் கிடைக்கும், இடுப்பில் எலாஸ்டிக் வைத்ததாகக் கேளுங்கள், பாத்ரூம் போக வர அவனுக்குச் சுலபம். மேலே கோட்டு வேண்டாம், சட்டையும் வெயிஸ்ட் கோட்டும் போதும். விருந்து நடுவில் அவன் மேஜைக்கடியில் தவழப் போகிறான், அதனால் உள்ளே ஒரு அரைக்கால் சட்டை போட்டுவிடுங்கள். செப்டம்பரில் பள்ளிக்கூடங்கள் திறந்திருக்கும், அவன் பள்ளிக்கும் வாடகைக் கடைக்கும் இப்போதே தேதியைச் சொல்லி வைத்துவிடுங்கள்.